கன்று போட்டு 12 நாள்: அடர்தீவனம் தொடவில்லை, பால் இறங்குகிறது, ஃபேட் மட்டும் ஏறுகிறது

வாய்க்கால் கரை:

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். நெல்லோடு 6 கறவை மாடு வைத்திருக்கிறோம். ஆள் கிடையாது, நானும் மனைவியும்தான் பார்த்துக்கொள்கிறோம்.

எங்கள் கட்டுத்தரையிலேயே நல்ல மாடு, எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பு, மூன்றாவது ஈத்து. இன்றோடு கன்று போட்டு 12 நாள். கிடேரிக் கன்று, அது நன்றாக இருக்கிறது. நஞ்சுக்கொடி 6 மணி நேரத்தில் விழுந்துவிட்டது. நாலாம் நாள் இரண்டு வேளையும் சேர்த்து 14 லிட்டர் கறந்தோம். போன ஈத்தில் 18 வரை போன மாடு, இன்னும் ஏறும் என்று இருந்தோம். எட்டாம் நாளிலிருந்து இறக்கம். நேற்று மொத்தமே 9. இன்று காலை நாலு லிட்டர்.

முதலில் விட்டது அடர்தீவனத்தை. கலந்து வைத்தால் மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. கோ-4 புல்லும் பாதிக்கு மேல் மீதி. வைக்கோலை மட்டும் மெல்லுகிறது. காய்ச்சல் இல்லை, 101.4 டிகிரி. மடி கெட்டிப்படவில்லை, பால் திரியவில்லை. சாணி குறைந்துபோய், இறுகி, மேலே மெழுகு பூசிய மாதிரி பளபளவென்று விழுகிறது.

எனக்குப் புரியாதது ஃபேட், அதாவது பாலில் உள்ள கொழுப்பின் சதவீதம். பால் சொசைட்டியில் இந்த மாட்டுப் பாலை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்தேன். எப்போதும் 4-ஐ ஒட்டி வரும் மாடு, 5.8 காட்டுகிறது. பால் குறைந்தாலும் விலை கூடுதலாகக் கிடைக்கிறதே என்று இரண்டு நாள் அசட்டையாக இருந்துவிட்டேன். அது இப்போது உறுத்துகிறது.

மனைவி இன்னொன்று சொல்கிறாள். கறக்க உட்காரும்போது மாட்டின் மூச்சில் ஒரு வாசனை அடிக்கிறதாம், நகச்சாயம் அழிக்கிற மருந்து மாதிரி. நானும் மூக்கருகே போய்ப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தீவனக் கடையில் கேட்டதற்கு, ஈரல் மந்தமாகிவிட்டது என்று லிவர் டானிக் கொடுத்தார்கள். வேளைக்கு 50 மில்லி, மூன்று நாளாகக் கொடுக்கிறேன், மாற்றம் இல்லை. பக்கத்துத் தோட்டத்து மாமா கால்சியம் பாட்டில் ஏற்றச் சொல்கிறார்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த மாடு ஈனுவதற்கு 4 மாதம் முன்பே வற்றிவிட்டது. சினை மாடு, வயிற்றில் கன்று வளர்கிறது என்று அந்த 4 மாதமும் தினம் 5 கிலோ அடர்தீவனம், 1 கிலோ பருத்திக்கொட்டை வைத்தோம். ஈனும்போது முதுகுத்தண்டு தெரியாமல் உருண்டு திரண்டு இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள்.

இது ஈரல் நோய்தானா? டானிக்கைத் தொடரலாமா? இன்னொரு மாடு, ஜெர்சி கலப்பு, 7 மாதச் சினை, அடுத்த வாரம் பால் வற்றவிட வேண்டும். அதற்கும் இந்த நிலை வராமல் இருக்க என்ன செய்வது?

ஆனைமலை அடிவாரம்:

அண்ணா, எங்கள் மாட்டுக்கும் போன வருஷம் இப்படித்தான். கீழாநெல்லி ஒரு கைப்பிடி அரைத்து, அரைக் கிலோ வெல்லம் சேர்த்து உருண்டையாகக் கொடுத்தோம். நாலைந்து நாளில் தீவனம் எடுத்தது. செலவே இல்லை. வெல்லம் உடனே சக்தி கொடுக்கும், பயப்பட வேண்டாம்.

மோகனூர் அக்கா:

தம்பி, முதலில் போனை எடுத்து உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் பேசுங்க. டாக்டர் கிடைக்காவிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. அதற்கப்புறம் நான் எழுதியிருப்பதைப் படியுங்க. நீங்கள் எழுதியதில் நாலு விஷயம் சேர்ந்து வருகிறது: உருண்டையாக ஈன்ற மாடு, ஈன்று இரண்டு வாரத்துக்குள் அடர்தீவனத்தை விட்டு வைக்கோலுக்குப் போனது, மூச்சில் வாசனை, பால் இறங்கும்போது ஃபேட் ஏறியது. இந்த நாலும் சேர்ந்தால் எனக்கு ஒரே மாடுதான் நினைவுக்கு வரும்.

2018-ல் எங்கள் செவலை. ஜெர்சி கலப்பு, நாலாவது ஈத்து. அந்த வருஷம் எங்கள் பக்கம் மரவள்ளித் திப்பி கேட்பாரில்லாமல் கிடந்தது, ஜவ்வரிசி ஆலையிலிருந்து டிராக்டரில் கொண்டுவந்து கொட்டினோம். செவலை வற்றி நின்ற 5 மாதமும் அதைத்தான் தின்றாள். வாலடியில் இரண்டு பக்கமும் ஒரு குழி இருக்கும் பாருங்க, அந்தக் குழி மூடி, கை வைத்தால் மெத்தை மாதிரி இருந்தது. நல்லா வளர்த்திருக்கோம் என்றுதான் நினைத்தேன்.

ஈன்ற மறுநாள் படுத்தாள். கால்சியம் ஏற்றினார்கள், எழுந்தாள். ஆனால் தொட்டியில் வாய் வைக்கவில்லை. நான் ஈன்ற அலுப்பு என்று 5 நாள் விட்டுவிட்டேன். கஞ்சி, சுக்கு, வெல்லம், கடையில் கொடுத்த டானிக், எல்லாம் ஊற்றினேன். ஆறாம் நாள்தான் டாக்டரைக் கூப்பிட்டேன். அவர் குளுக்கோஸ் ஏற்றினார், மூன்று நாள் தொடர்ந்து வந்தார். ஒன்பதாம் நாள் விடியற்காலை செவலை போய்விட்டாள்.

காப்பீட்டுக்காக அறுத்துப் பார்த்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன், யார் சொல்லியும் நகரவில்லை. ஈரல் கருஞ்சிவப்பாக இருக்கும் என்றுதான் நமக்குத் தெரியும். செவலையின் ஈரல் மஞ்சள் களிமண் நிறத்தில் இருந்தது. ஓரங்கள் கூர்மையாக இல்லாமல் உப்பிப்போய் மழுங்கியிருந்தன. டாக்டர் கத்தியால் கீறியதும் அலகில் நெய் தடவினது போலப் பிசுபிசுப்பு. ஒரு துண்டை வெட்டி, கை கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீரில் போட்டார். அது மிதந்தது. ஆட்டு ஈரல் கழுவியவர்களுக்குத் தெரியும், ஈரல் தண்ணீரில் போட்டால் அடிக்குப் போகும். இது எண்ணெய்ப் பலகாரம் மாதிரி மேலே நின்றது. அந்த வாளி இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

அப்போது அவர் எனக்குச் சொன்ன கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு லிட்டர் பாலுக்கு மாட்டின் உடம்பு ஏறக்குறைய 72 கிராம் குளுக்கோஸ் செலவு செய்கிறது. 14 லிட்டர் என்றால் ஒரு கிலோ. நாம் தின்னும் சோறு போல மாட்டுக்குத் தீவனத்திலிருந்து நேராகச் சர்க்கரை கிடைப்பதில்லை. பெருவயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் தீவனத்தைப் புளிக்க வைத்து அமிலங்களாக்கும். அதில் ஒன்றை எடுத்து ஈரல் குளுக்கோஸ் ஆக்குகிறது. ஆக, அந்த ஒரு கிலோவில் பெரும்பகுதியை ஈரல்தான் தினமும் செய்து கொடுக்க வேண்டும். இதே சமயத்தில் மாடு தின்பதோ குறைவு. ஈனுவதற்கு முந்தின சில நாட்களிலேயே தீவனம் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும், ஈன்ற பிறகு மெதுவாகத்தான் ஏறும். பாலோ கிடுகிடுவென்று ஏறும். பற்றாக்குறைக்கு உடம்பில் சேர்த்த கொழுப்பு கரைந்து ரத்தத்தில் இறங்கும். கொஞ்சம் கரைவது எல்லாக் கறவை மாட்டுக்கும் உள்ளதுதான். உருண்டையான மாட்டுக்கு அது மடை திறந்த மாதிரி வரும், அப்படிப்பட்ட மாடு மற்றதைவிடத் தீவனமும் குறைவாகத்தான் எடுக்கும். வந்த கொழுப்பை ஈரல் முழுக்க எரிக்க முடியாமல் பாதியில் விட்டால் அது கீட்டோன். உங்கள் வீட்டுக்காரம்மா மோந்தது அதைத்தான். சிலர் மூக்குக்கு அந்த வாசனை தெரியவே தெரியாது, அதனால் அவர் சொன்னால் நம்புங்க. எரிக்காத மிச்சக் கொழுப்பு ஈரலிலேயே தங்கும். அதை வெளியே அனுப்புவதில் மாட்டு ஈரல் ரொம்ப மெதுவு. தங்கித் தங்கித்தான் வாளியில் மிதக்கிற ஈரல் ஆகிறது.

ஃபேட் 5.8 என்றீர்களே, அது நீங்கள் வைத்த தீவனத்திலிருந்து வந்தது இல்லை தம்பி. மாட்டின் முதுகிலிருந்து கரைந்து வந்தது.

மாடு நிற்கிறது, வைக்கோலாவது மெல்லுகிறது, 12 நாள்தான் ஆகிறது. செவலை மாதிரி ஆகாது. ஆனால் இன்றைக்கே பாருங்க, நாளைக்கு வேண்டாம்.

திருச்சி கால்நடை மருத்துவர் (ஓய்வு):

மோகனூர் அம்மா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மருத்துவர் வருவதற்குள் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

இது கீட்டோசிஸ், அதாவது உடம்பில் கீட்டோன் மிகுந்துவிடும் நோய் போலத் தெரிகிறது. உறுதி செய்வது எளிது. மாட்டின் சிறுநீரில் சில சொட்டு ரோத்தரா பொடியில் விட்டால், கீட்டோன் இருந்தால் கத்தரிப்பூ நிறம் வரும். பாலிலும் பார்க்கலாம், சிறுநீரில் இன்னும் அழுத்தமாகத் தெரியும். சிறுநீருக்குக் காத்திருக்க வேண்டாம், பிறப்புறுப்புக்குக் கீழே விரலால் மேலும் கீழுமாக மெதுவாக வருடிக்கொடுத்தால் பெரும்பாலான மாடுகள் ஒரு நிமிடத்தில் பெய்துவிடும். ரத்தத்தில் பார்ப்பதானால், சர்க்கரை நோயாளிகள் வைத்திருக்கும் கருவி போன்றதிலேயே கீட்டோன் பட்டை இருக்கிறது. லிட்டருக்கு 1.2 மில்லிமோல் தாண்டினால் வெளியில் தெரியாத நிலை, 3-ஐத் தாண்டினால் பெரும்பாலும் நீங்கள் எழுதிய குறிகளோடு வெளிப்படையாகவே தெரியும்.

மருத்துவர் ரத்தக் குழாயில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றுவார். அது சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். அதனால்தான் ஒரு பாட்டில் போட்டதும் எழுந்து தின்ற மாடு மறுநாள் மறுபடி மந்தமாகிறது. தொடர்ந்து தாங்க வைப்பது வாய்வழி புரோப்பிலீன் கிளைக்கால், நாளைக்கு ஒரு வேளை 300 மில்லி, 3 முதல் 5 நாள். உங்கள் மாட்டின் எடையைப் பார்த்து அளவை உங்கள் மருத்துவர் சொல்வார். அதிகம் ஊற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள், அளவு மீறினால் மாடு போதை ஏறியது போல் தள்ளாடும். ஊற்றும்போது தலையை அண்ணாந்து தூக்கிப் பிடிக்கக் கூடாது. மூக்கு கண் மட்டத்துக்கு மேல் போகாமல், கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக, விழுங்க நேரம் கொடுத்து ஊற்றுங்கள். படுத்துக் கிடக்கும் மாட்டுக்கு வாய்வழி எதுவும் ஊற்றவே கூடாது. ஈன்ற மாடுகளை நோயைவிட நுரையீரலில் இறங்கிய கஞ்சி அதிகம் கொன்றதை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன்.

வெல்லம் பற்றி: நம் வயிற்றுக்குப் போவது போல அது மாட்டின் ரத்தத்துக்குப் போவதில்லை. பெருவயிற்று நுண்ணுயிர்கள் அதைத் தின்று அமிலமாக்கிவிடும். அதில் ஒரு பங்கு பியூட்டிரிக் அமிலம். அது கீட்டோனாகத்தான் மாறும். தின்னாத மாட்டுக்குக் கிலோ கணக்கில் வெல்லம் என்றால் வயிறு புளித்துப்போய் நோய் மேல் நோய். ஆனைமலைத் தம்பியின் மாடு லேசான நிலையில் இருந்து தானாகத் தேறியிருக்கலாம், அப்படி நிறைய மாடுகள் தேறும்.

லிவர் டானிக்கைக் கெடுதல் என்று சொல்லமாட்டேன். ஆனால் இந்த நிலையில் அது வைத்தியம் ஆகாது. அதில் பெரும்பாலும் கோலின் இருக்கிறது என்று எழுதியிருப்பார்கள். ஈரலிலிருந்து கொழுப்பை வெளியேற்றக் கோலின் தேவை என்பது சரிதான். ஆனால் சாதாரணக் கோலினை வாயில் ஊற்றினால் பெருவயிற்றிலேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். பெருவயிற்றில் சிதையாதபடி கொழுப்பு உறை போட்ட கோலின் தனியாக வருகிறது. அதையும் ஈனுவதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்கினால்தான் பயன்.

கால்சியம் பாட்டிலை நீங்களாக ஏற்ற வேண்டாம். மாடு நிற்கிறது, கால்சியம் குறைவுக்கு அடையாளமாகக் காது சில்லிட்டிருப்பதாகவும் நீங்கள் சொல்லவில்லை. கால்சியம் வேகமாக ஏறினால் இதயம் நின்றுவிடும்.

இரண்டு எச்சரிக்கை. கீட்டோன் மூளையைப் பாதிக்கும் வகையும் உண்டு. மாடு சுவரை, சங்கிலியை, தன் உடம்பையே விடாமல் நக்கும், வெறும் வாயை மெல்லும், கத்தும், வட்டமடிக்கும். வெறிநோய் போலவே இருக்கும். அப்படித் தெரிந்தால் மருத்துவர் பார்த்து முடிவு சொல்லும் வரை வாய்க்குள் கை விடாதீர்கள், மருந்தும் ஊற்றாதீர்கள். இன்னொன்று, வைத்தியம் பார்த்துத் தேறி மறுபடி மறுபடி விழுந்தால் நான்காம் வயிறு இடப்பக்கம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இடது விலாவில் ஸ்டெதாஸ்கோப் வைத்து விரலால் சுண்டினால் வெண்கலப் பாத்திரத்தில் தட்டினது போல ஒலிக்கும். கர்ப்பப்பையில் சீழ் இருக்கிறதா என்பதையும் கையோடு பார்க்கச் சொல்லுங்கள். தீவனத்தை விட்டதற்கு அதுவே முதல் காரணமாகவும் இருக்கலாம்.

வாய்க்கால் கரை:

அக்கா, டாக்டர், இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மதியம் எங்கள் ஊர் டாக்டர் வந்தார். நீங்கள் சொன்ன மாதிரியே என் மனைவி வருடிவிட்டாள், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, டம்ளரில் பிடித்துக் கொடுத்தாள். வெள்ளைப் பொடியில் சொட்டு விட்டதும் நிறம் ஏறியது. முதலில் இளசாக, நாங்கள் குனிந்து பார்ப்பதற்குள் பழுத்த கத்தரிக்காய்த் தோல் மாதிரி. டாக்டர் எதுவும் பேசவில்லை, பையைத் திறந்து பாட்டிலை எடுத்தார். கர்ப்பப்பை சுத்தமாக இருக்கிறதாம், வயிறும் நகரவில்லையாம். கிளைக்கால் 5 நாளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். டானிக்கை நிறுத்திவிட்டேன், கால்சியமும் ஏற்றவில்லை.

சினை மாட்டைப் பற்றிச் சொல்லுங்க அக்கா. அதுவும் கொஞ்சம் சதைப்பிடிப்பாகத்தான் இருக்கிறது. தீவனத்தைப் பாதியாகக் குறைத்து இளைக்க வைத்துவிடட்டுமா?

மோகனூர் அக்கா:

வேண்டாம் தம்பி, அதை மட்டும் செய்யாதீங்க. வயிற்றில் 7 மாதக் கன்றோடு பட்டினி போட்டால் கொழுப்பு இப்போதே கரைந்து ஈரலில் இறங்கும். ஈன்ற பிறகு வரவேண்டிய வம்பை முன்கூட்டியே அழைக்கிற மாதிரி. இளைக்க வைப்பதானால் கறவை நடக்கும்போதே செய்திருக்க வேண்டும். வற்று காலத்தில் செய்யக்கூடியது, இருக்கிற சதை ஏறாமலும் இறங்காமலும் நிறுத்துவதுதான்.

செவலைக்கு அப்புறம் நான் மாட்டைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதே இல்லை, கையால் தடவிப் பார்ப்பேன். வற்றவிடும் அன்று ஒரு தடவை, அப்புறம் 15 நாளுக்கு ஒரு தடவை, ஈனும்போது ஒரு தடவை. டாக்டர்கள் 1 முதல் 5 வரை மார்க் போடுகிறார்கள், ஈனும்போது 3-லிருந்து 3.5 வரை இருந்தால் நல்லது, 4-ஐத் தொட்டால் பயம். எனக்கு மார்க் தெரியாது, கைக்கணக்குதான். கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் குட்டை எலும்புகளின் முனை இருக்கும். அதை லேசாக அழுத்தினால் விரலுக்கு ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும், ஆனால் கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. வாலடிக் குழியில் கொஞ்சம் பள்ளம் இருக்க வேண்டும். குழி மூடிப்போய் மெத்தையாக இருந்தால் அதிகம்.

இப்போது சதைப்பிடிப்பாக இருக்கிற உங்கள் ஜெர்சிக்கு வைக்கோல், சோளத்தட்டை வயிறு நிறைய வையுங்க. பச்சை கொஞ்சம். அடர்தீவனம் ஒரு கிலோவுக்குள் போதும். பருத்திக்கொட்டை வேண்டவே வேண்டாம். வயிறு பெரிதாக, விரிந்து இருக்கட்டும். ஈனும் நாளில் தின்கிற பழக்கம் விட்டுப்போகாமல் இருப்பதுதான் முக்கியம். கடைசி மூன்று வாரம் அடர்தீவனத்தைக் கால் கிலோ, கால் கிலோவாக ஏற்றி இரண்டு, இரண்டரைக் கிலோவுக்குக் கொண்டுவாங்க. ஈன்ற பிறகு கறக்கும் காலத்தில் வைக்கப்போகும் அதே தீவனத்தையே வையுங்க, பெருவயிற்று நுண்ணுயிர்களுக்குப் பழகட்டும். ஈன்ற மறுநாளே ஆறு கிலோ கொட்டுவது இன்னொரு தப்பு, அது வயிற்றைப் புளிக்க வைக்கும்.

கோ-4 பற்றி ஒன்று. கட்டுத்தரை கழுவிய தண்ணீரும் சாணிக் கரைசலும் விட்டு வளர்த்த புல் என்றால் சாம்பல் சத்து (பொட்டாசியம்) மிகுதியாக இருக்கும். ஜெர்சி ரத்தம் ஓடும் மாட்டுக்கு, ஈனப்போகும் மூன்று வாரத்தில் அந்தப் புல்லை அதிகம் போடாதீங்க, ஈன்றதும் கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடுகிற பால் காய்ச்சலுக்கு அது வழி. அதே மூன்று வாரத்தில் கால்சியம் டானிக் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நானும் ஊற்றியிருக்கிறேன். அது தப்பு என்று அப்புறம்தான் தெரிந்தது. டாக்டர், சரியாகச் சொன்னேனா?

திருச்சி கால்நடை மருத்துவர் (ஓய்வு):

சரியாகவே சொன்னீர்கள் அம்மா. ஒரு லிட்டர் சீம்பாலில் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. முதல் கறவையில் 5 லிட்டர் கறந்தால் 10 கிராம். மாட்டின் ரத்தத்தில் ஒரு நேரத்தில் சுற்றுவதோ 3 கிராம் அளவுதான். மீதியை எலும்பிலிருந்தும் குடலிலிருந்தும் உடனே எடுக்க வேண்டும். அதற்கான சுரப்பி ஈனுவதற்கு முன்பே விழித்திருக்க வேண்டும். கடைசி வாரங்களில் வாயில் கால்சியத்தைக் கொட்டிக்கொண்டிருந்தால் சுரப்பிக்கு வேலையே இல்லாமல் தூங்கிவிடும். கால்சியம் டானிக்கைக் கன்று விழுந்த பிறகு, மாடு நின்றுகொண்டிருக்கும்போது கொடுங்கள்.

கால்சியம் குறைவும் ஈரல் கொழுப்பும் தனித்தனி நோய் என்று நினைக்க வேண்டாம். கால்சியம் குறைந்தால் வயிற்று அசைவு மந்தமாகும், தீவனம் குறையும், தீவனம் குறைந்தால் கொழுப்பு கரையும். செவலை முதலில் கால்சியத்துக்குத்தான் படுத்தாள் என்று எழுதியிருந்தீர்கள். அதில்தான் தொடங்கியிருக்கிறது.

சினை மாட்டுக்குத் தினம் 50 கிராம் தாது உப்புக் கலவை நிறுத்தாமல் போகட்டும். அதிலும் கால்சியம் உண்டு, அந்த அளவு பரவாயில்லை. ஈனும் மாதம் கோடையில் வந்தால் நிழலும் நாள் முழுக்கத் தண்ணீரும். வெயிலில் மூச்சிரைக்கும் மாடு தின்னாது.

வாய்க்கால் கரை:

9 நாள் கழித்து எழுதுகிறேன். நெல் அறுப்பு நடந்ததால் முன்பே எழுத முடியவில்லை, மன்னிக்கணும்.

முதல் நாள் பாட்டில் ஏற்றிய சாயங்காலம் இரண்டு வாய் அடர்தீவனம் எடுத்தது, மறுநாள் காலை மறுபடி ஒதுக்கியது. திருச்சி டாக்டர் இங்கே முன்பே சொல்லியிருந்ததால் பதறவில்லை. எங்கள் ஊர் டாக்டர் வந்து இன்னொரு பாட்டில் ஏற்றினார். கிளைக்கால் ஊற்ற மனைவி ஒரு வழி கண்டுபிடித்தாள். நான் தாடையைப் பிடித்துக்கொள்ள, அவள் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, ஒவ்வொரு மடக்குக்கும் தொண்டை அசைகிறதா என்று பார்த்துப் பார்த்து ஊற்றினாள். முழுசாக ஊற்றக் கால் மணி நேரம் ஆகும். நாலாம் நாள் சாணி இளகியது. ஐந்தாம் நாள் அடர்தீவனத் தொட்டியை நக்கிச் சுத்தம் செய்திருந்தது. அன்று மறுபடி ரோத்தரா பார்த்தோம், லேசான ஊதா. நேற்று பார்த்ததில் நிறமே மாறவில்லை.

பால் நேற்று 12 லிட்டர். ஃபேட் 4.3-க்கு வந்துவிட்டது. சொசைட்டியில் எழுதுகிறவர் என்னங்க ஃபேட் குறைஞ்சு போச்சு என்று கேட்டார். நல்லதுங்க என்று சொன்னேன், அவருக்குப் புரியவில்லை, நின்று விளக்கிவிட்டு வந்தேன். வேறு யார் மாட்டிலாவது ஈன்ற புதிதில் திடீரென்று ஏறினால் என்னிடம் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ஜெர்சியைக் கை வைத்துப் பார்த்தேன் அக்கா. குட்டை எலும்பு முனை தட்டுப்படுகிறது, ஆனால் நன்றாக அழுத்தினால்தான். வாலடியில் பள்ளம் கொஞ்சம் இருக்கிறது. முந்தாநாள் பால் வற்றவிட்டாயிற்று. சோளத்தட்டையும் வைக்கோலும்தான் இப்போது.

மோகனூர் அக்கா:

படித்ததும் மனசு நிறைந்தது தம்பி. உங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு என் பாராட்டைச் சொல்லுங்க, அந்த மூக்குதான் மாட்டைக் காப்பாற்றியது.

பெரிய மாட்டுக்கு இன்னும் ஒரு வாரம் கவனம் வேண்டும். சாயங்காலம் கறந்து முடித்து அது படுத்த பிறகு பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்க. தொண்டையில் உருண்டை ஏறி வருவது தெரியும், அதிலிருந்து அடுத்த உருண்டை வரை எத்தனை தடவை மெல்லுகிறது என்று. 50, 60 வந்தால் நல்லது. 40-க்குக் கீழே இறங்கினால் மறுநாள் காலையிலேயே பொடியில் சொட்டு விட்டுப் பாருங்க. ஜெர்சிக்கும் 15 நாளில் கை வைத்துப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்க.